வெள்ளைத் தூள்: திருகோணமலையில் வீட்டில் செய்த ஒரு வண்ணக்கண்ணாடிப் பலகையும் ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனையும்

இந்தப் பதிவு

இதில் வரும் குடும்பம் எனக்கு அயல். உப்புவெளியில், கடற்கரையில் இருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் அவர்கள் வீடு. நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். 2023 மே முதல் 2025 பெப்ரவரி வரை நடந்தவற்றை அவர்களின் சம்மதத்தோடு, பெயரையும் தெருவையும் தவிர்த்து எழுதுகிறேன். எழுதியதை முதலில் வாசித்துத் திருத்தியவர் அந்தக் குழந்தையின் தாய்தான்.

வண்ணக்கண்ணாடி வேலையை வீட்டில் தொடங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே திருகோணமலையில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருமே வேலைக்குத் தேவையான பாதியைக் காணொளி பார்த்தும் மீதியைத் தாங்களே செய்து பார்த்தும் பழகியவர்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வேலையைக் கைவிடச் சொல்வது என் நோக்கம் இல்லை.

பின்னணி

தாய்க்கு அப்போது 34 வயது. சித்திரம் படித்தவர். மகள் பிறந்த பிறகு வெளி வேலைக்குப் போகவில்லை. கணவருக்குச் சீனன்குடாப் பக்கம் வேலை. கணவரின் தகப்பனார் ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போது விறாந்தையில் இருந்து வீச்சுவலை பின்னியும் பொத்தியும் கொடுக்கிறார். மகளுக்கு இந்தக் கதை தொடங்கும்போது இரண்டு வயது நிறைந்திருந்தது.

அவர் கையாண்டது செம்பு நாடா முறை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, பசையுள்ள மெல்லிய செம்பு நாடாவை ஓரம் முழுக்கச் சுற்றி, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நாடாவின் மேல் ஈயம் உருக்கி ஓட விடுவது. பெரிய தேவாலய யன்னல்களில் காண்பது வேறு முறை, அங்கே பள்ளம் வைத்து வார்த்த ஈயச் சட்டத்துக்குள் கண்ணாடி செருகப்பட்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிஃபனி பட்டறை பரப்பிய செம்பு நாடா முறையில் சின்னச் சின்ன வளைவுகளையும் செய்துவிடலாம். வீட்டு மேசைக்கு அதுவே தோது.

கண்ணாடியைத் தேடி அவர் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். கொழும்பில் இருந்து எடுப்பித்த நீலம் கொஞ்சம். மீதி, இடித்த பழைய வீடுகளின் கதவுக்கு மேல் இருந்த பச்சை, மஞ்சள் பூக்கண்ணாடிகள். மண்ணிறத்துக்குப் போத்தல் கண்ணாடி. வெட்டும் சில்லுக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒரு கீறலில் உடைக்க அவர் ஆறு மாதம் பழகினார். பாய் விரித்த வள்ளம், கீழே இரண்டு மீன், பின்னால் கோணேசர் மலை. நாற்பத்தைந்துக்கு அறுபது சென்ரிமீற்றர் பலகையில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். காலை வெயிலில் அந்த நீலம் சுவரில் விழும்போது பார்த்துக்கொண்டே நிற்கலாம். மகளின் அறை யன்னலுக்கென்றே செய்தது அது.

செய்த விதம்

பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஈயக்கம்பி, ரேடியோ திருத்தும் கடையில் வாங்கியது. கடையில் அதை ஈயம் என்றுதான் சொல்வார்கள், உண்மையில் நிறைப்படி 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் சேர்ந்த கலப்பு. 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 பாகை அளவில் முழுவதும் உருகும். மின்சுற்று வேலைக்கான கம்பி என்பதால் நடுவில் குங்கிலியப் பிசின் இருந்தது. அகலமான செம்பு நாடாவில் அந்தப் பிசின் கறுத்துப் படிந்தது, ஈயமும் ஓடவில்லை. டவுனில் தகர வேலை செய்யும் ஒருவர் தன் போத்தலில் இருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். ஐதரோகுளோரிக்கமிலத்தில் நாகத் (சிங்க் உலோகத்) துண்டுகளைக் கரைத்துச் செய்யும் பழைய நீர் அது. அதைத் தடவியதும் ஈயம் வெள்ளி போல ஓடியது. தகர வேலைக்கு அது நல்ல பிளக்ஸ், அதாவது உலோகப் பரப்பைச் சுத்தமாக்கி ஈயத்தை ஓட வைக்கும் பொருள். வாளி அடியை ஒட்டிவிட்டுக் கழுவிவிடுவார்கள். நூற்று நாற்பது துண்டுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பொருத்திலும் அது புகுந்தால் கழுவி எடுப்பது வேறு வேலை. அதில் உள்ள நாகக் குளோரைட்டு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து எப்போதும் நசநசவென்று இருக்கும்.

வேலை நடந்த இடம், குசினிக்குப் பக்கத்து மேசை. மின்விசிறியைப் பின்னால் வைத்து, யன்னல் இரண்டையும் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தார். புகை வரும்போது மகளை உள்ளே விடமாட்டார். வேலை முடிந்ததும் மேசையைத் துணியால் துடைத்துவிட்டு அதே மேசையில் தேத்தண்ணி. சில நாளில் அதே மேசையில் மகளுக்குச் சோறு.

யூன் கடைசியில் பலகை முடிந்தது. ஈயக் கோடுகளில் பிசுபிசுப்பு இருந்தது. ஏதோ ஒரு காணொளியில் பார்த்தபடி தென்னை வினாகிரியில் உப்புக் கலந்து கோடுகளை எல்லாம் தேய்த்தார். பளபளத்தது. தண்ணீரில் ஒரு தடவை அலசி, துணியால் ஒற்றி, பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் வைத்தார். யன்னல் சட்டம் செய்யும் தச்சர் இரண்டு மாதம் இழுத்தடித்தார். பெட்டியைத் திறந்தபோது வினாகிரி மணம் இன்னும் இருந்ததாம். செப்டெம்பர் முதல் வாரம் பலகை யன்னலில் ஏறியது. யன்னலுக்குக் கீழே மகளின் கட்டில்.

கண்டவை

நவம்பர் மழையும் வாடைக் காற்றும் தொடங்கிய பிறகு, டிசெம்பர் முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ. உப்புப் பூத்திருக்கு.”

ஈயக் கோடுகளின் மேல் வெள்ளையாக மாவு போல ஒரு படலம். மேல் பாதியில் லேசாக, கீழே போகப் போகத் தடித்து. பலகையின் அடி ஓரத்தில் விரல் வைத்தால் ஒட்டி வந்தது. செம்பு வெளியே தெரிந்த இரண்டு மூன்று இடங்களில் நீலப் பச்சையாகப் பொருக்கு. இடது கீழ் மூலையில் நாடா கண்ணாடியை விட்டுக் கிளம்பி இருந்தது. யன்னல் இரும்புக் கம்பிகளிலும் கடல் உப்பு படிந்திருந்தது.

உப்புத்தான் என்று நானும் சொன்னேன். நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், பிறகு பார்ப்போம் என்றேன். இந்த நிகழ்வில் என் பக்கம் நடந்த தவறு அது. உப்பு என்றால் ஈரத்துணி பட்டதும் கரைந்துவிட்டிருக்க வேண்டும். அவர் துடைத்தபோது அது கரையாமல் துணியில் வெள்ளைச் சேறாகப் பிடித்தது. அந்தத் துணியைக் குசினித் தொட்டியில் அலசினார். மூன்று கிழமை கழித்துத் தூள் திரும்பவும் வந்தது, அடி ஓரத்தில் முன்னையைவிட அதிகமாக.

அதற்குள் இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். மகள் கட்டிலில் எழுந்து நின்று மீனின் கண்ணைத் தொடுவாள். தொட்டுவிட்டு விரலை வாயில் வைப்பாள். அதைத் தாய் சொன்னபோதுதான் எனக்கு வினாகிரி ஞாபகம் வந்தது. பலகையை எதனால் தேய்த்தார் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை.

சோதித்துப் பார்த்தது

வெள்ளை வர்ணத்துக்கான ஈய வெள்ளையை முற்காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்பது வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற ஒன்று. மண்சட்டியில் வினாகிரி ஊற்றி, அதன் மேல் ஈயத் தகட்டைச் சுருட்டி வைத்து, சட்டிகளைக் குதிரைச் சாணத்துக்குள் அடுக்கி மூடிவிடுவார்கள். சாணம் வெப்பமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கும், வினாகிரியின் அசற்றிக்கமில ஆவி ஈயத்தைத் தின்னும். சில மாதத்தில் தகடு வெள்ளைத் தூளாகிவிடும். ஒல்லாந்து முறை என்று அதற்குப் பெயர். வினாகிரி மணத்தோடு இரண்டு மாதம் மூடிக் கிடந்த ஒட்டுப்பலகைப் பெட்டி, அதற்குப் பிறகு கடலோர ஈரம், பொருத்துகளில் தங்கிய குளோரைட்டு. அந்தப் பலகை செய்து முடித்த நாளில் இருந்தே தூளாகிக்கொண்டிருந்தது.

ஊகத்தை நம்பி ஒரு தாயைக் கலங்க வைக்க எனக்கு மனமில்லை. 2024 தை மாத நடுவில், ஒரு சனிக்கிழமை, அதிபரின் அனுமதியோடு ஆய்வுகூடத்தைத் திறந்தேன். ஈரப்படுத்திய வடிதாளில் ஒற்றி எடுத்த கொஞ்சத் தூள். ஐதான நைத்திரிக்கமிலம் சில துளி விட்டதும் நுரைத்துக் கரைந்தது. ஆக, காபனேற்று. தெளிந்த கரைசலில் பொற்றாசியம் அயடைட்டு விட்டதும் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு. குழாயைச் சூடாக்கியபோது மஞ்சள் கரைந்து நிறமற்றுப் போனது, ஆறியபோது பொற்சரிகை போலத் தகதகத்து இறங்கியது. ஈய அயடைட்டுக்கே உரிய நடத்தை அது. யன்னல் கம்பியில் சுரண்டிய கடல் உப்பையும் அதே போலச் செய்து பார்த்தேன், மஞ்சள் வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் வாய் பிளந்து பார்க்கிற சோதனை இது. அன்று அந்தப் பொன்துகள்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். குழாயில் மிஞ்சிய கரைசலும் ஈயக் கரைசல்தான், தொட்டியில் ஊற்றக் கூடாது. மேலும், தூள் கண்ணால் தெரிகிற அளவு இருந்தால்தான் இந்தச் சோதனை காட்டும். மஞ்சள் வரவில்லை என்பதை வைத்து ஒரு மேசையையோ தரையையோ சுத்தம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

பலகையை அன்றே இறக்கினோம். எப்படி இறக்குவது என்பதில் கொஞ்சம் யோசித்தோம். உலர்ந்தபடி தூக்கினால் தூள் கட்டிலிலும் தரையிலும் கொட்டும். தெளிப்பான் போத்தலால் முழுவதும் நனைத்து, நனைந்தபடியே பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். தாயின் மாமியார் விளக்குமாறு எடுத்துக்கொண்டு வந்தார், தடுத்தோம். கூட்டினால் தூள் எழும்பிக் காற்றில் கலக்கும். யன்னல் படி, கட்டில், தரை எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை அலசாமல் பையில் கட்டினோம். மெத்தை உறையையும் தலையணையையும் வெளியேற்றினோம்.

அடுத்து இரத்தம். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் தாய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தன் கைவேலையைப் பற்றிச் சொல்ல அவருக்கு அவமானமாக இருந்ததாம். ஆனாலும், எந்த ஈயக்கம்பி, எந்த நீர், எத்தனை மாதம் என்று அவர் எழுதிக்கொண்டு போன ஒரு பக்கத் தாள்தான் வைத்தியருக்கு உதவியது. மாதிரிகள் கொழும்புக்குப் போயின. பதில் வர ஒன்பது நாள்.

மகளுக்கு டெசிலீற்றருக்கு 9.4 மைக்கிரோகிராம். தாய்க்கு 12.1. தகப்பனுக்கு 3-க்குக் கீழ்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும். உடம்பில் இருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து குழந்தைகளுக்கு 45-இலும் அதற்கு மேலும்தான் பேசப்படுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அந்த நிறுவனம் சொல்லவில்லை. மகளுக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லை, பேச்சும் நடையும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. ஆனால் ஹீமோகுளோபின் 10.2 கிராம். அந்த வயதுக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வைத்தியர் இரும்புப் பாணி கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பாடு, நெத்தலி, பால், கீரை என்று சொல்லி அனுப்பினார்.

தாய் அழுதார். “புகை படக் கூடாதெண்டு கதவச் சாத்தி வச்சனே டீச்சர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. புகைக்கு அவர் செய்தவை எல்லாம் சரியானவையே. ஆனால் அந்தப் புகை பெரும்பாலும் பிளக்ஸினுடையது. மூச்சுக் குழாயை அது எரிக்கும். ஈயம் உருகுவது 327 பாகையில், கொதிப்பது 1700 பாகைக்கும் மேல். சோல்டரிங் அயனின் முனைச் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பது மிகச் சொற்பம். அது உடம்புக்குள் போனது விரல் வழி: கம்பியைப் பிடித்த விரல், துடைத்த துணி, தேத்தண்ணிக் கோப்பை, மேசையில் வைத்த பிஸ்கற். வளர்ந்தவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்களவுதான் உடம்பில் சேரும். சின்னப் பிள்ளைக்குப் பாதியளவு சேர்ந்துவிடலாம். இதை ஒரு வருடம் முந்தி, அவர் முதல் துண்டை வெட்டிக்கொண்டு வந்து காட்டிய அன்றே, நான் சொல்லியிருக்க வேண்டும்.

வேறு எங்கிருந்து?

பலகை ஒன்றையே குற்றவாளியாக்கி நிறுத்திவிட எல்லோருக்கும் ஆசையாக இருந்தது. வைத்தியர் விடவில்லை. வீட்டில் ஈயம் இருக்கக்கூடிய எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

பழைய வர்ணம் உரிகிற கதவு இல்லை. கண் மை வீட்டில் இல்லை. மஞ்சள், சொந்தத்தில் காயவைத்து இடிப்பது. தண்ணீர்க் குழாய் பிளாஸ்ரிக். அப்பப்பாவின் வலை இருந்தது.

வீச்சுவலையின் விளிம்பெல்லாம் ஈயக்குண்டு. அவர் குண்டைக் கயிற்றில் கோத்துப் பல்லால் கடித்து இறுக்குவார். பேத்தி பக்கத்தில் இருந்து குண்டுகளை டின்னில் போட்டு எடுத்து விளையாடுவாள். அவரிடம் பேசுவது எளிதாக இருக்கவில்லை.

“அம்பது வருசமாக் கடிக்கிறன் பிள்ள. எனக்கு என்ன நடந்தது?”

நான் வாதாடவில்லை. பேத்தியின் தாளை அவர் கையில் கொடுத்து, எண்ணை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டு வாசித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த நாள் குறடு ஒன்று வாங்கி வந்தார். குண்டு டின் கூரை வளையில் ஏறியது. தன் இரத்தத்தைச் சோதிக்க மட்டும் அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

பலகையில் இருந்து எவ்வளவு, மேசையில் இருந்து எவ்வளவு, குண்டில் இருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. மூன்றையும் ஒரே கிழமையில் நிறுத்தினோம். எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருக்கலாமே என்று என் மாணவன் ஒருவன் பிறகு கேட்டான். ஆய்வுகூடத்தில் அப்படித்தான் செய்வோம், குழந்தை விடயத்தில் செய்ய மாட்டோம் என்றேன்.

வேலையைத் தொடர்வதா?

மாமிக்கு ஒரே பதில்தான் இருந்தது: எல்லாவற்றையும் தூக்கிக் கடலில் போடு. கணவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்தப் பெண் கண்ணாடியைத் தொடவில்லை.

மார்ச்சில் ஒன்றாக இருந்து பேசினோம். என் கருத்தை நேராகவே சொன்னேன். இந்த ஊரில் இப்படி ஒரு கை அபூர்வம். இடத்தையும் பொருளையும் பழக்கத்தையும் மாற்றினால் அந்தக் கைக்கு வேலை கொடுக்கலாம். மாற்ற முடியாவிட்டால், மகளுக்கு ஏழெட்டு வயதாகும்வரை நிறுத்தி வைப்பதே சரி. அவர் மாற்றத் தயாராக இருந்தார்.

வேலை பின் கொட்டிலுக்குப் போனது. வழுவழுப்பான தகரம் அடித்த மேசை, நனைத்துத் துடைக்கலாம். கொட்டிலுக்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு, இரண்டும் வீட்டுக்குள் வராது. கொட்டில் வாசலில் குழாய், சவர்க்காரம், நகத்துக்குப் பிரஷ். அங்கே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சட்டை தனி வாளியில் தோயும். கண்ணாடி ஓரம் தேய்ப்பதும் தண்ணீர் விட்டபடி மட்டும், கண்ணாடித் தூளும் நெஞ்சுக்கு ஆகாது.

ஈயமில்லாத கம்பிக்கு மாறினார். வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் வெள்ளியும் சேர்ந்தது, 217 பாகைக்கு மேல் உருகும். விலை கூட. பழைய கம்பி போல வழுக்கி ஓடாது, கோட்டில் மேடும் பள்ளமும் வரும், சூடு கூடினால் கண்ணாடி வெடிக்கும். ஒரு மாதம் அவர் அதோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். பழகிவிட்டது. ஆனால் கம்பி மாறியதும் எல்லாம் தீர்ந்தது என்று அவரை நம்ப விடவில்லை. பொருத்தில் குளோரைட்டு தங்கினால் ஈயமில்லாத கோட்டின் அடியிலும் செம்பு பச்சை பிடிக்கும், நாடா கிளம்பும். தகர வேலைக்காரரின் நீரை நிறுத்தி, தண்ணீரில் கழுவக்கூடிய பிளக்ஸ் எடுப்பித்தார். ஒவ்வொரு நாளும் ஒட்டிய பகுதியை அன்றன்றே கழுவுவது என்றும் வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் பலகை முழுவதும் முடிந்த பிறகு ஒரே ஒரு கழுவல்தான்.

பலகையைத் திருத்தியது

கண்ணாடியை எறிய அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கச்சான் காற்று அடிக்கும் யூலையில், காற்று உலர்ந்திருக்கும் நாட்களாகப் பார்த்துத் தொடங்கினோம்.

அகலத் தட்டில் வைத்து, கையுறையோடு, மெல்லிய தூரிகையால் தண்ணீருக்குள்ளேயே பொருத்துப் பொருத்தாகக் கழுவினோம். தண்ணீரை நாலு தடவை மாற்றினோம். அதன் பிறகுதான் அப்பச்சோடாக் கரைசல். முதலிலேயே சோடா போட்டால், கரைந்து போகக்கூடிய ஈய உப்புகளும் அங்கேயே காபனேற்றாகிப் பொருத்தில் உறைந்துவிடும். பிறகு திரும்பவும் நல்ல தண்ணீர். அடையவிட்ட தண்ணீரின் அடிவண்டலைப் போத்தலில் எடுத்து, “ஈயம், நஞ்சு” என்று எழுதி, மூடியை மெழுகால் அடைத்துக் கொட்டிலின் உயரத்தில் வைத்திருக்கிறோம். துணிப் பைகளும் அங்கேதான். இப்படியான கழிவை ஒப்படைக்க நமக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நல்லது.

மூன்று நாள் உலர்ந்த பிறகு, அரித்துப் போன கோடுகளின் மேல் புதுக் கம்பியை ஓட விட்டார். அன்றே கழுவினார். காரின் உடம்புக்குப் பூசும் மெழுகை எல்லாக் கோட்டிலும் பூசித் துடைத்தார்.

திரும்ப மகளின் யன்னலில் வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு. முன் கதவுக்கு மேலே, ஏழு அடி உயரத்தில், பழைய வீடுகளில் வண்ணக்கண்ணாடி இருக்கும் அதே இடத்தில் வைத்தோம். கடல் பக்கம் வெறும் கண்ணாடி ஒன்றைக் காவலாகப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, இடைவெளியின் மேலும் கீழும் வீட்டுப் பக்கமாகத் திறந்து வைத்தோம். முழுவதும் அடைத்தால் உள்ளே ஈரம் கோக்கும். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் சாளரங்களைக் காக்கவும் இந்த மாதிரிக் காற்றோட்டம் உள்ள காவல் கண்ணாடிதான் போடுகிறார்கள்.

பின்னர் நடந்தது

2024 மே மாதம் மகளுக்கு 6.3, தாய்க்கு 8. ஒக்ரோபரில் மகளுக்கு 4.2, தாய்க்கு 5.1. மகளின் ஹீமோகுளோபின் 11.6.

மே மாத எண்ணைப் பார்த்து, இன்னும் ஏன் 5-க்குக் கீழே வரவில்லை என்று வீட்டில் பதறினார்கள். இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் அளவு ஆகும் என்றாலும், எலும்பில் போய்ச் சேர்ந்தது மெல்ல மெல்லத் திரும்ப இரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். வைத்தியர் இதை முதல் நாளே விளக்கியிருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்காது. நானும் சொல்ல மறந்துபோனேன்.

மகள் கிழமைக்கு ஒரு தடவையாவது என்னிடம் வந்து, மீன் ஏன் மேலே போய்விட்டது என்று கேட்பாள். நீந்திப் போய்விட்டது என்று அப்பப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தூளைப் பார்த்த முதல் நாளே, அது தண்ணீரில் கரைகிறதா என்று ஒரு துளி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வுகூடம் தேவையில்லாத சோதனை, ஒரு நிமிட வேலை. கரையாத வெள்ளைத் தூள் ஈயக் கோட்டில் இருந்தால், அது ஈயத் தூள் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் அப்படி நடக்காததால் ஒரு மாதத்துக்கு மேல் போனது, அதற்குள் குசினித் தொட்டியிலும் ஒரு துணி அலசப்பட்டது.

வினாகிரி இந்த வேலைக்குள் வரவே கூடாது. கழுவவும் வேண்டாம், பளபளப்பாக்கவும் வேண்டாம். முடித்த பலகையை மரப்பெட்டியிலும் ஒட்டுப்பலகைப் பெட்டியிலும் நாள்கணக்கில் மூடி வைக்கவும் கூடாது. மரமே அசற்றிக்கமில ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், வினாகிரி தொடாத ஈயத்தையும் அது வெளுக்க வைக்கும்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், ஈயக்கம்பி வாங்குவதற்கு முன்பே வேலையிடத்தை வீட்டில் இருந்து பிரிக்க வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் குசினி மேசையில் செய்தவர்கள், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், வைத்தியரிடம் போய்ச் சொல்லி இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிகுறியை எதிர்பார்த்திருந்தால் இந்தக் குழந்தைக்கு நாங்கள் ஒன்றுமே கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

அப்பப்பாவோடு முதல் நாளே பேசியிருக்கலாம். பெண்ணின் கைவேலை என்றதும் எல்லோர் பார்வையும் அங்கேயே போனது. விறாந்தையில் ஐம்பது வருடமாக இருந்த ஈயத்தை யாரும் ஈயமாகவே எண்ணவில்லை.

இப்போதைய நிலை

2025 பெப்ரவரியில், இன்னொரு வாடைக் காலம் போன பிறகு, ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். காவல் கண்ணாடியின் வெளிப்பக்கம் உப்புப் பனி போலப் படிந்திருந்தது. ஈரத்துணி பட்டதும் கரைந்தது. பலகையில் இரண்டு பொருத்துகளில், மெழுகு சரியாகப் படாத இடத்தில், நெல் அளவு வெள்ளை. தண்ணீரில் கரையவில்லை. நனைத்துத் துடைத்து மெழுகு பூசினோம். இடது கீழ் மூலையில் கிளம்பிய நாடா இன்னும் படியவில்லை, அதற்கடியில் பழைய நீர் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த மூலையின் பன்னிரண்டு துண்டுகளையும் வரும் கச்சான் காலத்தில் பிரித்து, நாடாவை உரித்து, புதிதாகச் சுற்றி ஒட்ட இருக்கிறார். மகளின் அடுத்த இரத்தப் பரிசோதனையும் அந்தக் காலத்தில்தான்.